உறிஞ்சுங்கோ டாக்டர்

கூலாய் கடைவரிசையை விட்டு வெளியேறி, செனாய் போகும் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். பிற்பகல் வெயில். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் என்னை இடிக்காத குறையாகக் கடந்து போயின. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு ஜோடி செருப்பு, ஒரு துண்டு, விளிம்பில் எனாமல் பெயர்ந்த ஒரு குவளை. கிளினிக் வேலையில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். செருப்பும் துண்டும் என்னுடையவை. குவளை உறிஞ்சுங்கோ டாக்டருடையது.

ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும், எதிரில் வரும் மனிதரைப் பார்த்து வணக்கம் சொல்லாமல், சாப்பிட்டாச்சா என்று கேட்காமல், "மூக்கை ஒருக்கா உறிஞ்சுங்கோ" என்று சொல்லும் இன்னொரு பிறவியை நீங்கள் பார்க்க முடியாது. குழந்தை, கிழவர், போலீஸ்காரர், கோயில் தலைவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவருடைய உண்மையான பெயர் வாசல் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் உறிஞ்சுங்கோ டாக்டர்.

என் படிப்பு பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நின்றது. அதற்குப் பிறகு செம்பனைக் காட்டில் குலை வெட்டினேன், தெப்ராவில் கார் கழுவினேன், சிங்கப்பூரில் கட்டடத்துக்குச் சிமெண்டு சுமந்தேன். எந்த வேலையும் என்னோடு நெடுநாள் தங்கியதில்லை. நானும் அதற்காக அழுததில்லை. கூலாய் கிளினிக்கில் காலையில் ஷட்டர் தூக்குவேன், தரை துடைப்பேன், மருந்துப் பெட்டி இறக்குவேன், நரம்பில் ஏற்றும் டிரிப் பாட்டில் கேட்டால் ஸ்டோரிலிருந்து எடுத்து வருவேன். கடைசியாகச் சொன்னதுதான் முக்கால்வாசி வேலை.

கிளினிக் முதலாளி டாக்டர் இல்லை. டயர் கடை வைத்திருந்தவர். டாக்டர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார். எல்லோரும் அவரை பாஸ் என்று கூப்பிடுவோம். அவருடைய மருத்துவ அறிவு முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: "டயரோ ஆளோ, உள்ள ஏத்துனாத்தான்லா ஓடும்."

நம் ஆட்களுக்கும் அந்தக் கொள்கை ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் ஓடியாடி அசந்தால் ஒரு பாட்டில். சிங்கப்பூருக்கு விடியுமுன் மோட்டார் ஓட்டிக் களைத்தால் ஒரு பாட்டில். மகள் காதலனோடு போய்விட்டால் அம்மாவுக்கு ஒரு பாட்டில். அதிலும் வைட்டமின் கலந்து மஞ்சளாக இருக்க வேண்டும். "வெள்ள வேணாம் டாக்டர், அது வெறும் தண்ணி. மஞ்சள் போடுங்க, அதுலதான் பவர்." வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போய்விட்டு நேராக எங்களிடம் வருகிறவர்கள் இருந்தார்கள். நெற்றியில் விபூதி காயுமுன் கையில் ஊசி ஏறிவிடும்.

இந்தச் சொர்க்கத்துக்குள்தான் உறிஞ்சுங்கோ டாக்டர் வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய குள்ளமான அம்மா. பஞ்சாபி உடை, காலில் பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கான்வாஸ் காலணி, வெயிலோ மழையோ ஒரு குடை. அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வே வேலையில் இருந்த குடும்பம். பேச்சில் அந்த ஊர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் சவர இயந்திரம் அளவுக்கு ஒரு ஸ்கேன் கருவி. அதைக் கைப்பேசியில் செருகி, வயிற்றில் ஜெல் தடவி வைத்தால், உள்ளே இருப்பது திரையில் தெரியும். சொந்தமாக வாங்கியது. பாஸ் வாங்கிக் கொடுத்திருப்பார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு பாஸைத் தெரியாது.

முதல் நாள், முதல் ஆள், ஒரு பாக்டரி மேற்பார்வையாளர். வரும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"மஞ்சள் ஒண்ணு டாக்டர்."

"படுங்கோ. மூக்கை ஒருக்கா உறிஞ்சுங்கோ."

"மூக்கு நல்லாத்தான் இருக்கு."

"மூக்கை ஆர் கேட்டது? உறிஞ்சுங்கோ."

அவர் உறிஞ்சினார். டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இது இருதயத்துக்குப் போற பெரிய ரத்தக்குழாய். மூச்சு இழுக்கேக்க கொஞ்சம் ஒடுங்குது, திரும்ப விரியுது. நல்ல வடிவா இருக்கு. உங்களுக்குத் தண்ணி குறையேல்லை. நித்திரைதான் குறைஞ்சு போச்சு. வீட்டை போய்ப் படுங்கோ."

மனிதர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். கோயிலில் பிரசாதம் மறுக்கப்பட்டவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு டாக்டரே ஒருநாள் விளக்கினார். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அந்தக் குழாய் மெலிந்து, உறிஞ்சும்போது ஒட்டிப்போகும். தேவைக்கு மேல் தேங்கினால் பருத்து நின்று அசையாது. "அப்ப குழாயப் பாத்தாப் போதுமா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"போதாது தம்பி. ஒரு சாட்சியை மட்டும் கேட்டு ஒருத்தனைத் தூக்கிலே போடுறதோ? குழாயைப் பார், இருதயத்தைப் பார், நுரையீரலைப் பார், காலைப் பார். எல்லாத்துக்கும் முதல் ஆளின்ரை முகத்தைப் பார்."

சில நாள் சாட்சி வாயே திறக்காது. பெரிய தொப்பைக்காரர் ஒருவரின் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தி, திருப்பி, சாய்த்து, கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: "ஐயா, உங்கடை வயித்திலே வாயு மட்டும்தான் தெரியுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." ஒரு டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

ஜெல் குளிராக இருந்தால் நோயாளி நெளிவார் என்று, ஜெல் புட்டியை எனாமல் குவளையில் சுடுநீர் ஊற்றி நிறுத்தி வைப்பார். கவுண்டரில் உட்காரும் பாஸின் அக்காள் மகன் அது புதுவகை தலை ஜெல் என்று நினைத்துவிட்டான். இரண்டு வாரம் கதாநாயகன் மாதிரி வந்தான். மதியத்துக்குள் தலை உலர்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும். "பொடுகு டாக்டர், மருந்து இருக்கா?" என்று அவரிடமே போய்க் கேட்டான். "மருந்து போடாதே ராசா, போட்டதை நிப்பாட்டு" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுத்துத் தன் வயிற்றிலேயே கருவியை வைத்துக்கொள்வார். உர்ரென்று ஒரு முறை உறிஞ்சுவார். திரையைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு நீதிபதி தீர்ப்புச் சொல்வது போலச் சொல்வார்: "தம்பி, இன்னும் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்." அந்தக் குவளையிலிருந்து ஜெல்லை எடுத்துவிட்டு, கழுவி, அதிலேயே தேநீர் போட்டுக் கொடுப்பேன். தீர்ப்பு மாறி ஒருநாளும் வந்ததில்லை.

பாட்டில் கேட்டவர்களுக்குக் கிடைக்காது. கேட்காதவர்களுக்குக் கிடைக்கும். அதுதான் ஊரை எரிச்சல் படுத்தியது. காய்ச்சலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நேப்பாளி இளைஞன் ஒருவனை, வரிசையில் முன்னால் நின்றவர்களைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொண்டு போனார். டெங்கி. பானடோல் மாத்திரை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம் என்று வந்தவன் அவன். அவனுடைய குழாய் திரையில் கிழிந்த நூல் மாதிரி கிடந்தது. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை வெள்ளைப் பாட்டிலைத் தானே தொங்கவிட்டு, கொஞ்சம் ஏற்றுவதும், வைத்துப் பார்ப்பதும், மறுபடி ஏற்றுவதுமாகப் பக்கத்திலேயே நின்றார்.

வெளியே ஓர் அம்மா கத்தினார்: "அந்நியனுக்கெல்லாம் ஊத்துறாங்க, நம்மாளுக்கு ஒரு சொட்டுக் கிடையாதாம்!"

ஸ்டோரில் பாட்டில் அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டன. பாஸ் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் விற்காத டயரைப் பார்ப்பது போலப் பெருமூச்சு விட்டார்.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்னால் கறுப்பையா அண்ணன் வந்தார்.

அவர் வீட்டுப் பின்னறையில்தான் நான் தங்கியிருந்தேன். லாரி ஓட்டி ஓய்ந்தவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு. வேலையில்லாத மாதங்களில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, நான் வெட்கப்படக் கூடாது என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். மனைவி பார்வதி அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஒருவேளைச் சாப்பாட்டில் விரதம். நடந்தால் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்கினார். "விரதக் களைப்பு. ஒரு மஞ்சள் போட்டா பறந்துருவேன்" என்றார். தெருவே ஆமாம் என்றது.

கட்டிலில் அவரால் மல்லாந்து படுக்கக்கூட முடியவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்தோம்.

"உறிஞ்சுங்கோ ஐயா."

உறிஞ்சினார். திரையில் தீயணைப்புக் குழாய் மாதிரி ஒன்று. அசையவே இல்லை. டாக்டர் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. இருதயத்தைப் பார்த்தார். விலாவில் வைத்து நுரையீரலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"ஐயா, உங்களுக்கு டிரிப் இல்லை. இப்பவே ஆஸ்பத்திரி."

"விரதத்துல காஞ்சு போயிருக்கேன்மா. ஒரு பாட்டில் போட்டு விடுங்க."

"நீங்கள் காயேல்லை. உள்ளுக்கு வெள்ளம். இருதயம் இறைக்க ஏலாமல் நிக்குது. இதுக்கு மேலே ஊத்தினா நீங்கள் கட்டில்லையே மூழ்கிச் செத்துப்போவீங்கள். தண்ணி வெளியே போக ஓர் ஊசி போடுறன்."

"மூத்திரம் போற ஊசியா? அலமாக்! பால்குடத்தத் தலையில வெச்சுக்கிட்டு ரோட்டுல எங்கம்மா ஒதுங்குறது?"

சத்தம் கேட்டு பாஸ் உள்ளே வந்தார். "டாக்டர், சாமி காரியம். கேக்குறத குடுத்து அனுப்புங்கலா."

"சாமியைக் கேட்டனீங்களோ?"

"என் கிளினிக்ல நான் சொல்றதுதான். டேய், மஞ்சள் ஒண்ணு எடுத்தா."

கடைசி வாக்கியம் எனக்கு. நான் அசையுமுன் டாக்டர் எழுந்தார். வெள்ளைக் காலணி சத்தமில்லாமல் ஸ்டோருக்குள் போனது. கதவருகே அடுக்கியிருந்த பெட்டிகள்மேல் ஏறி, குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைத் தூக்கினால்தான் பாட்டில். லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டுகிற பாஸ், ஒரு டாக்டரம்மாவை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்தார். அக்காள் மகன் கைப்பேசியில் படம் பிடித்தான்.

"இறங்குங்க டாக்டர், அசிங்கமா இருக்கு."

"எனக்கு வசதியா இருக்கு. தம்பி, தேத்தண்ணி."

போட்டுக் கொடுத்தேன். காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கறுப்பையா அண்ணன் எழுந்துவிட்டார். "இவங்க இல்லாட்டி வேற ஆளா இல்ல? மூணு கடை தள்ளி இருக்கு இன்னொரு கிளினிக்." பார்வதி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். டாக்டர் குதித்து இறங்கி, கடை வராந்தாவில் பின்னாலேயே ஓடினார். "ஐயா, நில்லுங்கோ! ஐயா!" அண்ணன் திரும்பவில்லை. டாக்டர் திரும்பி வந்தபோது பாஸ் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். சத்தம் மட்டும் அதிகம்.

சம்பளக் கணக்கு முடிய ஒரு மணி நேரம் ஆனது. டாக்டர் கருவியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது பார்வதி அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். "டாக்டரம்மா, அவரு நுரை தள்ளுறாரு."

வேலை போன அந்த அம்மாவுக்கு அங்கே போக எந்த உரிமையும் இல்லை. போனார். நானும் பின்னால் ஓடினேன். பாதிப் பாட்டில் ஏறியிருந்தது. அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு வாய் பிளந்தார். உதடு நீலம். அங்கிருந்த இளம் டாக்டர் திகைத்து ஒதுங்கி வழிவிட்டார். எங்கள் டாக்டர் டிரிப்பை மூடினார், அண்ணனைக் காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைத்தார், ஆக்சிஜன் மாட்டினார், அந்த மூத்திர ஊசியைப் போட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, "என்னைப் பாருங்கோ, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்சிலும் அவரே ஏறிப் போனார். குடை எங்கள் ஸ்டோரில் கிடந்தது. பிறகு பாஸ் அதை எடுத்துப் போய்விட்டார்.

அண்ணன் பிழைத்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அக்காள் மகன் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. பெட்டிமேல் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் டாக்டர். கீழே ஒரு வரி: விரதம் இருந்த பக்தரைத் துரத்திய டாக்டர். திட்டாதவர் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை, அதனால் அது நடக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் தண்ணீரை வடித்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அண்ணன், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "அந்தப் பாதிப் பாட்டில் ஏறுனதாலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குனேன். அந்தம்மா பிடுங்காம இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேணாம்."

டாக்டர் திரும்பி வரவே இல்லை. குளுவாங் பக்கம் இருப்பதாக ஒருவர் சொன்னார். வேலையையே விட்டுவிட்டதாக இன்னொருவர் சொன்னார். புதிதாக ஒரு டாக்டர் வந்தார். நல்ல மனிதர், எதையும் பார்க்க மாட்டார். பெட்டிகள் கூரையிலிருந்து இறங்கத் தொடங்கின. குவளை மட்டும் சிங்க் ஓரத்தில் கிடந்தது.

நான் அந்தப் பிளாஸ்டிக் பையோடு நடந்த நாள் மதியம் கறுப்பையா அண்ணன் மறுபடி வந்தார். கால் மறுபடி வீங்கியிருந்தது. மாத்திரை கழிப்பறைக்கு ஓட வைக்கிறது என்று நிறுத்திவிட்டாராம்.

"அசதியா இருக்கு பாஸ். மஞ்சள் ஒண்ணு."

பாஸ் என்னைப் பார்த்தார். "டேய், எடுத்தா."

ஸ்டோருக்குப் போனேன். பெட்டிகளைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான், அந்த அம்மா சொன்ன மாதிரி அது வசதியாக இல்லை என்று தெரிந்தது. விளிம்பு தொடையை அறுத்தது.

பாஸ் வந்தார். என்னைத் தூக்குவதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சட்டையைப் பிடித்தார். நான் கதவு நிலையைப் பிடித்தேன்.

அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னடா, நீயும் உறிஞ்சுங்கோ ஆயிட்டியா? விடுங்க பாஸ். மூணு கடை தள்ளிப் போய்க்கிறேன்."

அப்போதுதான் பின்னால் நின்ற பார்வதி அக்கா பேசினார். நான் அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"போங்க. போய்ப் பாருங்க. அன்னைக்குச் செருப்புக்கூட இல்லாம ஓடுனது நான். உங்களப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தது அந்தம்மா. வேல போன அந்தம்மா. பாட்டில் காப்பாத்துச்சாம் பாட்டில்! இந்தக் கண்ணு நல்லானதுக்குத்தான பால்குடம்? இந்தக் கண்ணாலதான் எல்லாத்தையும் பாத்தேன்."

அண்ணன் கோபத்தில் மூக்கை ஒரு முறை பலமாக உறிஞ்சினார்.

"அதத்தான் அந்தம்மா செய்யச் சொன்னாங்க" என்றார் அக்கா. கார் சாவியை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "ஏறுங்க. ஆஸ்பத்திரிக்கு."

மீசையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனிதர் போனார். கார் மூன்று கடையையும் தாண்டிப் போகிறதா என்று வராந்தாவில் நின்று பார்த்தேன். தாண்டிப் போனது.

"உனக்கு வேல வேணுமா வேணாமா?" என்றார் பாஸ்.

"வேணாம் பாஸ்."

குவளையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். அப்படித்தான் செனாய் சாலைக்கு வந்தேன். அண்ணன் வீட்டுப் பின்னறைக்குத் திரும்ப மனமில்லாமல், பழைய சிமெண்டுக் கூட்டாளி ஒருவன் தங்கியிருக்கும் விடுதியில் அன்றைக்குப் படுத்தேன்.

மறுநாள் காலை செனாயில் ஒரு குடிதண்ணீர் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். காலிப் பாட்டில்கள் வரிசையாக வரும், குழாய் இறங்கும், நிறைந்ததும் நகர்த்த வேண்டும். "இதுல யோசிக்க ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் சூப்பர்வைசர் பெண். "எவ்வளவு இருக்குன்னு வெளியிலயே தெரியும்."

"ஆமா தங்கச்சி" என்றேன். "எல்லாம் அப்படித் தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்."

பத்து மணிக்குத் தேநீர் விட்டார்கள். எல்லோருக்கும் காகிதக் குவளை. நான் என்னுடையதை நீட்டினேன். குடித்து முடித்து, நெஞ்சுக்குழிக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மூக்கை ஒரு முறை உறிஞ்சினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. ஆனாலும் எழுந்து போய்க் குவளையை மறுபடி நீட்டினேன். இன்னும் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.